நேர மண்டலத் தரவுக்குத் தனி பேக்கேஜ் எதற்கு?

கேள்வி: டெபியன் லினக்ஸ் இயங்குதளத்தில் நேர மண்டலத் தரவு (எந்த ஊரில் எப்போது என்ன நேரம் என்ற விவரம்) ‘டிஇசட்டேட்டா’ (tzdata) என்று தனி பேக்கேஜாக, அதாவது தனியே நிறுவக்கூடிய மென்பொருள் தொகுப்பாக, வருகிறதே, நிரல்கள் பொதுவாகப் பயன்படுத்தும் அடிப்படைத் தொகுப்பான சி நூலகத்தோடு சேர்த்தே கொடுத்தால் என்ன?
– மதுரை வாசகர்

பதில்: கூடாது. அரசுகள் கடிகாரத்தைத் திடீரென மாற்றிவிடும். இலங்கையையே பாருங்கள்: 1996இல் இரண்டு முறை மாற்றினார்கள், 2006 ஏப்ரலில் மறுபடி இந்திய நேரத்துக்கே வந்தார்கள். இப்படி ஓரிரு வரி மாறுவதற்காக, கிட்டத்தட்ட எல்லா நிரல்களும் நம்பியிருக்கும் நூலகத்தைத் தொடுவது எனக்குப் பயம். தரவு தனியாக இருந்தால், பழைய நிலையான பதிப்பில் இருப்பவருக்கும் அதை மட்டும் உடனே அனுப்பலாம்.

அப்புறம், மூலத் தரவு நாம் படிக்கக்கூடிய உரைக்கோப்புதான். ‘ஜிக்’ என்ற நிரல் அதைக் கணினி படிக்கும் இருமக் கோப்பாக்குகிறது. தரவு பேக்கேஜ் கட்டும் யாரிடமும் நான் வற்புறுத்துவது இதைத்தான்: அந்த உரைக்கோப்பையும் சேர்த்துக் கொடுங்கள். தப்பைத் திருத்த வருபவருக்கு அதுதான் வேண்டும்.