பூஜைக்கென்றே வீட்டில் செடி வளர்த்தால் மனசுக்கு அமைதி கிடைக்குமா? எதை வைக்கலாம்?

கிடைக்கும். ஆனால் உட்கார்ந்து தேடுகிற அமைதி அல்ல, கை வேலையாக இருக்கும்போது தானாக வருவது. பெரியாழ்வார் ஸ்ரீவில்லிபுத்தூரில் நந்தவனம் வைத்துப் பெருமாளுக்கு மாலை கட்டியதையே தொண்டாகக் கொண்டவர். செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதும் வழிபாட்டில் சேர்த்திதான்.

துளசியில் தொடங்குங்கள். நல்ல வெயில் வேண்டும். மேல்மண் காய்ந்த பிறகு ஊற்றினால் போதும். பக்தி மிகுதியில் தினமும் ஒரு செம்பு ஊற்றி வேரை அழுகவிடுபவர்கள்தான் அதிகம்! கதிர் விட்டதும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக்கிளை வெடித்து இலை பெருகும்.

அப்புறம் செம்பருத்தி. பூ பெரும்பாலும் ஒரு நாள்தான் தாங்கும், அதனால் காலையிலேயே பறித்துவிடலாம். கொழுந்துக்கடியில் பஞ்சு மாதிரி வெள்ளையாக ஒட்டியிருந்தால் அது மாவுப்பூச்சி. தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவிவிட்டு, சோப்புக் கரைசலில் கலந்த வேப்பெண்ணெயைச் சாயங்காலம் தெளியுங்கள்.

நந்தியாவட்டை, அருகம்புல் இரண்டும் அதிகம் கேட்காது. அரளி சிவனுக்கு உகந்ததுதான், ஆனால் செடி முழுக்க விஷம். சின்னக் குழந்தைகள் இருக்கும் வீடென்றால் அதை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.