திக்விஜய்நாத்: மடமும் அரசியலும்

அன்புள்ள ஐயா,

உத்தரப் பிரதேசத்தில் கோரக்பூரில் உள்ள கோரக்நாதர் மடம் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். அதன் மகந்தாக, அதாவது மடாதிபதியாக இருந்த திக்விஜய்நாத் அடிப்படையில் ஒரு துறவி. இந்து மகாசபை என்ற இந்து தேசியவாதக் கட்சிதான் அவரை அரசியலுக்கு இழுத்துப் பயன்படுத்திக்கொண்டது என்று நினைக்கிறேன். சரிதானா?

ஒரு வாசகர், மதுரை

அன்புள்ள நண்பருக்கு,

எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் மடத்திலேயே வளர்ந்தவர்தான். ராஜஸ்தானின் மேவாரில் ராஜபுத்திரக் குடும்பத்தில் 1894ல் பிறந்த அவரை (இயற்பெயர் நன்ஹு சிங்) சிறுவயதிலேயே கோரக்பூருக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். ஆனால் அவர் காங்கிரஸில் சேர்ந்தது 1921ல். மறுவருடம் கோரக்பூர் அருகே சௌரி சௌராவில் காவல்நிலையம் எரிக்கப்பட்ட வழக்கில் கைதானவர்களில் அவரும் உண்டு. காந்தி ஒத்துழையாமை இயக்கத்தையே நிறுத்தக் காரணமான சம்பவம் அது. இதற்கெல்லாம் பிறகு, 1935ல்தான் அவர் மகந்த் ஆகிறார். பீடத்தில் அமரும்போதே அவர் அரசியல்வாதி.

இந்து மகாசபைக்கு வந்தது அதற்கும் சில ஆண்டுகள் கழித்து. மடத்துக்கு நிலம் இருந்தது, பள்ளிகள் இருந்தன, மகர சங்கராந்திக்குக் கிச்சடி படைக்கக் கிராமம் கிராமமாக வரும் மக்கள் இருந்தார்கள். கட்சியிடம் இதெல்லாம் ஏது? 1967ல் அவர் கோரக்பூர் எம்.பி. ஆனார். 1969ல் இறந்ததும் அந்தத் தொகுதியில் அவருடைய சீடர் அவைத்யநாத் வென்றார். அவைத்யநாத் 1989ல் மகாசபை வேட்பாளர், 1991ல் பாஜக வேட்பாளர். அவருக்குப் பின் அவருடைய சீடர் யோகி ஆதித்யநாத். கட்சி மாறியது, மடம் அப்படியே இருந்தது.

அவரைக் கருவி என்று சொல்ல நான் தயங்குவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1948ல் காந்திக்கு எதிராக மக்களைத் தூண்டியதாகக் கைதாகி மாதக்கணக்கில் சிறையில் இருந்தார். 1949 டிசம்பரில் அயோத்தியில், பாபர் மசூதிக்குள் ராமர் சிலை வைக்கப்படுவதற்கு முன் நடந்த ராமாயணப் பாராயணத்தில் முன்நின்றவர்களில் அவரும் ஒருவர். கருவி என்றால் இவற்றுக்கெல்லாம் அவர் பொறுப்பில்லை என்றாகிவிடும்.

எனக்கு உண்மையிலேயே வலிப்பது வேறு. மடத்தின் மூல குருவான கோரக்நாதரை நாம் கோரக்கர் என்று பதினெண் சித்தர்களில் வைத்திருக்கிறோம். சாதி பார்க்காத மரபு அது. முஸ்லிம்களும் யோகிகளாக இருந்திருக்கிறார்கள். கிழக்கு உத்தரப் பிரதேசத்தில் சாரங்கி வாசித்து, அரசைத் துறந்து யோகிகளான பர்த்ருஹரி, கோபிசந்த் கதைகளைப் பாடும் ஜோகிகள் பலர் முஸ்லிம்கள்தான். அப்படிப்பட்ட மடத்தை ஒரு மதத்தின் அரசியல் கோட்டையாக மாற்றியவர் திக்விஜய்நாத். யாரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை.

அன்புடன்.