மேய்ச்சல் நில ஓவியங்களில் மாடுகள் வெறும் அலங்காரமா, அவற்றுக்குப் பொருள் உண்டா?

நிச்சயம் உண்டு. பழந்தமிழில் 'மாடு' என்றாலே செல்வம் என்றும் பொருள். அதைத் தெரிந்துகொண்டு 17ஆம் நூற்றாண்டு நெதர்லாந்து ஓவியங்களைப் பார்த்தால் பாதி விஷயம் பிடிபட்டுவிடும். கடலையும் ஏரிகளையும் வடித்து நிலமாக்கிய நாடு அது. அந்த ஈரப் புல்வெளியில் கொழுத்த மாடு நிற்கிறது என்றால், தண்ணீரிடமிருந்து மீட்ட மண் பால் தருகிறது என்று அர்த்தம்.

மாடு அங்கே நாட்டுக்கே அடையாளம். 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த ஒரு கேலிப்படத்தில் நெதர்லாந்து ஒரு கறவைப் பசு. ஸ்பெயின் மன்னர் இரண்டாம் பிலிப் அதன் முதுகில் ஏறி உட்கார்ந்திருக்கிறார், இங்கிலாந்து அரசி எலிசபெத் அதற்குத் தீனி போடுகிறார். ஆளாளுக்கு உரிமை கொண்டாடிய பசு அது.

1647இல் அந்நாட்டு ஓவியர் பவுலஸ் பாட்டர் வரைந்த 'காளை'யை இந்தப் பின்னணியில் பார்க்க வேண்டும். ஸ்பெயின் அந்நாட்டின் சுதந்திரத்தை ஒப்புக்கொண்டது அதற்கு அடுத்த ஆண்டுதான். ஓவியம் கிட்டத்தட்ட இரண்டரை மீட்டர் உயரம், மூன்றரை மீட்டர் அகலம். அரசர்களுக்கும் போர்க்களங்களுக்கும் ஒதுக்கும் அளவை ஓர் இளங்காளைக்குக் கொடுத்துவிட்டார், அதுவும் இருபதுகளின் தொடக்கத்தில். இன்று தி ஹேக் நகரின் மவுரிட்ஸ்ஹவுஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இணையத்தில் அதைப் பெரிதாக்கி நெடுநேரம் பார்த்திருக்கிறேன். நெற்றியில் சுருண்ட மயிர், முதுகை மொய்க்கும் ஈக்கள், படுத்திருக்கும் பசுவின் வாயோரம் எச்சில், தரையில் சாணம், ஒரு தவளை. தெய்வாம்சம் எதுவும் பூசவில்லை. அந்த ஈக்களும் சாணமும் இல்லாமல் இருந்தால் அது வெறும் கொடிச் சின்னமாகப் போயிருக்கும், இவ்வளவு நம்பியிருக்க மாட்டோம் என்பது என் எண்ணம். இத்தனைக்கும் அது ஒரே காளையைப் பார்த்து வரைந்ததல்ல. வெவ்வேறு வயது மாடுகளின் உறுப்புகளைச் சேர்த்து அமைத்தது என்கிறார்கள்.

எல்லா மாடும் நாட்டையே குறிக்கும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அதே நாட்டு, அதே காலத்து ஓவியர் ஆல்பர்ட் கைப்பின் படைப்புகளில் பொன்வெயிலில் ஆற்றோரம் அசைபோடும் பசுக்கள் அமைதியின் அடையாளம்; மாடு நிம்மதியாகப் படுத்திருக்கிறது என்றால் ஊரில் போர் இல்லை.

பிரெஞ்சு ஓவியர் ரோசா போனர் 1849இல் வரைந்த உழவுக் காட்சியோ முழுக்க உழைப்பு. ஏர் இழுக்கும் எருதுகள்தான் அதில் முன்னால். உழவர்கள் அவற்றின் பெரிய உடல்களுக்குப் பின்னால் பாதி மறைந்துபோகிறார்கள். பார்ப்பவர் கண்ணில் முதலில் படுவது புரண்டு கிடக்கும் மண்ணும் அந்த எருதுகளின் முகமும்தான்.