ஹாரட்ஸில் வேலை என்கிறாள் மகள்: சம்பளம் கொடுப்பது யார்?

வணக்கம் அம்மா. "ஏ லெவலில் (பிரிட்டனில் பள்ளியின் கடைசிக் கட்டப் படிப்பு) இயற்பியல் எடுத்துப் படித்தவள், கடையில் நிற்கப் போகிறேன் என்கிறாள்" என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் ஆற்றாமை புரிகிறது. ஆனால் லண்டன் நைட்ஸ்பிரிட்ஜில் முந்நூறுக்கும் மேற்பட்ட பிரிவுகளோடு நிற்கும் பேரங்காடியான ஹாரட்ஸை வெறும் 'கடை' என்று ஒதுக்கிவிட முடியாது. 1898இல் அங்கே நகரும் படிக்கட்டு வைத்தபோது, ஏறி வந்து மிரண்டவர்களுக்குப் பிராந்தி கொடுத்துத் தேற்றினார்களாம்! இன்றும் அங்கே விற்பவர் வேலையில் பாதி உபசாரம்தான். அது எல்லோருக்கும் வராது.

மகள் காட்டும் விளம்பரத்தில் முதலில் ஒன்றைப் பாருங்கள்: சம்பளச் சீட்டில் யார் பெயர் வரும்? அங்கே கவுன்டரில் நிற்கிற எல்லோரும் ஹாரட்ஸ் ஊழியர்கள் அல்ல. பெரிய பிராண்டுகள் பல உள்ளே இடம் பிடித்துத் தங்கள் ஆட்களையே வைத்திருக்கின்றன. கமிஷனும் பதவி உயர்வும் அந்த பிராண்டின் கையில். அது தவறில்லை, நாளை லண்டனின் ஆடம்பரக் கடைத்தெருவான பாண்ட் ஸ்ட்ரீட்டில் அதே பிராண்டின் கடை இருந்தால் அங்கே மாறலாம். ஹாரட்ஸே வேலைக்கு எடுத்தால், கொள்முதல் பக்கமோ உணவுப்பொருள் விற்கும் பிரிவின் பக்கமோ நகர வழி தேடலாம். எது என்று தெரியாமல் கையெழுத்துப் போடுவதுதான் தப்பு.

அப்புறம், அதே பெயரில் வேறு தொழில்களும் உண்டு. ஹாரட்ஸ் எஸ்டேட்ஸ் வீடு விற்றுத் தரும் தரகு நிறுவனம். இயற்பியல் படித்த பெண்ணுக்கு நான் காட்டுவது ஹாரட்ஸ் ஏவியேஷனை. லூட்டன், ஸ்டான்ஸ்டெட் விமான நிலையங்களில் தனியார் ஜெட்களைக் கவனிக்கிற நிறுவனம் அது. பராமரிப்பு வேலையும் உண்டு. விமானப் பராமரிப்புப் பொறியாளர் உரிமம் வாங்கச் சில வருடங்கள் பிடிக்கும். ஆனால் வாங்கிவிட்டால் வேறு நிறுவனத்துக்கும் எடுத்துப் போகலாம். ஹாரட்ஸ் பேங்க் என்றும் ஒன்று இருந்தது. 2018இல் டான்டெம் என்ற இன்னொரு வங்கியின் கைக்குப் போய்விட்டது. பெயரை மட்டும் நம்பிச் சேராதீர்கள் என்பது இதனால்தான்.

சரி, இப்போது என்ன செய்யலாம்? கிறிஸ்துமஸ் சீசனுக்குத் தற்காலிக ஆட்கள் எடுப்பார்கள். போகட்டும், நாள் முழுக்க நின்று பார்க்கட்டும். கிடைத்த பல்கலைக்கழக இடத்தை மட்டும் விட வேண்டாம். ஓராண்டு தள்ளிச் சேர அனுமதிப்பார்களா என்று கேட்டு இந்த வாரமே ஒரு மின்னஞ்சல் போடச் சொல்லுங்கள். சில துறைகளில் சம்மதிக்க மாட்டார்கள். அந்தப் பதில் வந்த பிறகு மற்ற எல்லாவற்றையும் பேசிக்கொள்ளலாம்.