முற்பிறவி அமர்வு: புதிதாகப் பழகுகிறவர்களின் கேள்விகள்

ஹிப்னோதெரபி (அறிதுயில் சிகிச்சை) வகுப்பு முடித்து, முற்பிறவி அமர்வுகளை, அதாவது ஒருவரை அறிதுயிலில் ஆழ்த்தி முற்பிறவி என்று தோன்றும் காட்சிகளுக்குள் அழைத்துப் போவதை, தொடங்கியிருக்கும் வாசகர்களிடமிருந்து அடிக்கடி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: முதல் கிளையன்ட் அடுத்த வாரம் வருகிறார். எத்தனை மணி நேரம் ஒதுக்க வேண்டும்? என்னென்ன தயார் செய்ய வேண்டும்? (வாசகி, கோவை)

ஒரே நாளில் எல்லாவற்றையும் முடிக்க நினைக்காதீர்கள். முதல் சந்திப்பு பேசுவதற்கு மட்டும், ஒரு மணி நேரம். ஏன் வருகிறார், என்ன எதிர்பார்க்கிறார், மனநல மருந்து சாப்பிடுகிறாரா, வலிப்பு உண்டா, யாரும் இல்லாதபோது குரல் கேட்டதுண்டா, சாக வேண்டும் என்ற எண்ணம் இருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. மனச்சிதைவு, இருமுனைக் கோளாறு, கட்டுப்பாட்டில் இல்லாத வலிப்பு, இவற்றில் ஒன்று இருந்தாலும் அமர்வு வேண்டாம். மனநல மருத்துவரிடம் அனுப்புங்கள். உடனடி உதவி தேவைப்படுகிறவருக்கு அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண் 14416-ஐ எழுதியே கொடுங்கள். வீட்டில் சாவு நடந்து சில மாதங்கள்கூட ஆகாதவரையும் காத்திருக்கச் சொல்வதுதான் நல்லது. இறந்தவரைப் பார்க்கும் ஆசையில் வருகிறவர் எதைப் பார்த்தாலும் அதையே பிடித்துக்கொள்வார்.

இரண்டாவது சந்திப்புக்கு இரண்டு மணி நேரம். உடலைத் தளர்த்த 20 நிமிடம், காட்சிகளுக்குள் 40 முதல் 45 நிமிடம், திரும்பி வர 10 நிமிடம், பிறகு உட்கார்ந்து பேச 20 நிமிடம். மிச்ச நேரம் கையிருப்பு. அது இல்லாவிட்டால் அடுத்த ஆள் வாசலில் நிற்கும் அவசரத்தில் இவரை அரைகுறையாக எழுப்பிவிடுவீர்கள்.

சாயும் நாற்காலி ஒன்று, மெல்லிய போர்வை ஒன்று. அசையாமல் கிடக்கும் உடம்புக்குக் குளிர் தெரியும், ஏசியைக் குறைத்தே வையுங்கள். காண்டாக்ட் லென்ஸைக் கழற்றச் சொல்லுங்கள், கழிவறைக்குப் போய்விட்டு வரச் சொல்லுங்கள். வயிறு முட்டச் சாப்பிட்டு வந்தால் தூங்கிவிடுவார். துணைக்கு வந்தவர் பக்கத்து அறையில் இருக்கட்டும், கதவைத் தாழிட வேண்டாம். தொட வேண்டிய தேவை வருமென்றால் முன்கூட்டியே சொல்லிச் சம்மதம் வாங்குங்கள். தொடாமலே நடத்தப் பழகுவது அதைவிட நல்லது.

கேள்வி: பாதம் முதல் தலை வரை தளர்த்தினேன், பத்திலிருந்து ஒன்று வரை எண்ணினேன், முற்பிறவிக்குள் போக மனத்தில் ஒரு கதவைத் திறக்கச் சொன்னேன். "ஒன்றும் தெரியவில்லை, ஒரே இருட்டு" என்கிறார். ஆழம் போதவில்லையா? (வாசகர், சேலம்)

பெரும்பாலும் ஆழம் காரணமில்லை. "காட்சி தெரியும்" என்று நீங்கள் சொல்லி வைத்ததுதான் தடை. எல்லோருக்கும் மனத்தில் படம் ஓடாது. சிலருக்குச் சத்தமாக வரும், சிலருக்கு வாசனையாக, சிலருக்கு "இப்படித்தான் இருக்கும்" என்ற உணர்வாக மட்டும் வரும். கதவுக்குப் போகும் முன்பே ஒரு சின்ன ஒத்திகை வையுங்கள். பள்ளி நாளில் பிடித்துச் சாப்பிட்ட ஒரு பண்டத்தை நினைக்கச் சொல்லி, முதலில் எது வருகிறது என்று கேளுங்கள். நிறமா, மணமா, கையில் பிடித்த சூடா? எது முதலில் வருகிறதோ அந்த வழியாகவே பிறகும் கேளுங்கள். அதற்காக இரண்டு மூன்று வயது நினைவுகளைத் தோண்டிப் பார்க்க வேண்டாம். அந்த வயதில் உண்மை நினைவு மிகக் குறைவு, கற்பனை வந்து அந்த இடத்தை நிரப்பும்.

இருட்டு என்றால் இருட்டிலேயே நில்லுங்கள். "சரி, இருட்டு. அந்த இருட்டில் காலுக்கடியில் எப்படி இருக்கிறது?" என்று கேட்டுவிட்டு அரை நிமிடம் சும்மா இருங்கள். புதியவர்கள் தவறுவது இந்த அரை நிமிடத்தில்தான். மௌனம் தாங்காமல் அடுத்த கேள்வியைப் போட்டுவிடுவார்கள். மூன்று முறை முயன்றும் எதுவும் வரவில்லையென்றால், அன்றைய அமர்வை நல்ல ஓய்வாக முடித்து அனுப்புங்கள். எல்லோரும் ஒரே அளவில் அறிதுயிலுக்குள் போகிறவர்கள் அல்ல. இதை அளக்கவே 1959-இல் ஸ்டான்ஃபோர்டில் 12 சோதனைகள் கொண்ட அளவுகோல் உருவாக்கினார்கள். குறைவாகப் போகிறவரிடம் குறை ஒன்றும் இல்லை, உங்களிடமும் இல்லை.

கேள்வி: கேள்விகளை எப்படிக் கேட்பது? "வழிநடத்தாதே" என்று வகுப்பில் சொன்னார்கள். கேட்காமல் எப்படி நடத்துவது? (வாசகி, மதுரை)

இந்த வேலையில் முக்கால் பங்கு இதுதான். ஒரு உதாரணம். படுத்திருப்பவர் "ஏதோ சத்தம் கேட்கிறது" என்கிறார். நீங்கள் "குதிரைச் சத்தமா?" என்று கேட்டால் கதை அங்கேயே உங்கள் கைக்குப் போய்விட்டது. அவர் "ஆமாம்" என்பார். குதிரைக்கு மேல் வீரன் வருவான், வீரனுக்குப் பின்னால் போர் வரும், போருக்குப் பின்னால் கழுத்தில் வெட்டு வரும், அந்த வெட்டு அவருடைய இன்றைய கழுத்து வலிக்குக் காரணமாகிவிடும். எல்லாம் உங்கள் ஒரு சொல்லில் முளைத்தது.

அதே இடத்தில் "சத்தம். ம்ம்..." என்று அவர் சொன்ன சொல்லையே திருப்பிச் சொல்லி நிறுத்துங்கள். பிறகு, "அது எப்படி இருக்கிறது?" அவ்வளவுதான். உங்கள் கேள்வியில் அவர் இன்னும் சொல்லாத ஒரு பெயர்ச்சொல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது வழிநடத்தல். "உங்கள் கணவர் எங்கே?" என்பதில் கணவர் இருக்கிறார். "கூட யாராவது இருக்கிறார்களா, இல்லையா?" என்பதில் யாரும் இல்லை. ஆணா பெண்ணா, எந்த நாடு, எந்த ராஜா, எந்த வருடம் என்பவற்றை அவராகச் சொன்னால் ஒழியக் கேட்காதீர்கள். காலைப் பார்க்கச் சொல்லித் தொடங்குவது நல்ல வழக்கம். பிறகு உடுப்பு, கை, சுற்றுப்புறம். அடுத்து, "இந்த வாழ்க்கையில் முக்கியமான ஒரு நேரத்துக்குப் போங்கள்." கடைசியாக, அந்த வாழ்க்கையின் இறுதி நாள். அதை மேலிருந்து பார்ப்பதுபோல் பார்க்கச் சொல்லுங்கள்.

அமர்வுக்கு முன் நீங்கள் பேசுவதும் வழிநடத்தல்தான். கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் நிக்கோலஸ் ஸ்பானோஸ் குழு செய்து 1991-இல் வெளியிட்ட ஆய்வில், முற்பிறவியில் பாலினமும் இனமும் மாறியிருப்பது சகஜம் என்று சிலரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தார்கள். அவர்களுக்கு அப்படிப்பட்ட பிறவிகளே கூடுதலாக வந்தன. வரவேற்பறையில் ராஜா ராணிப் படங்களை மாட்டி வைக்காதீர்கள். பழைய கிளையன்ட் கதைகளைச் சொல்லவே சொல்லாதீர்கள்.

பலர் விரும்பிக் கேட்கும் ஒரு கேள்வியை அடியோடு விட்டுவிடச் சொல்கிறோம்: "அந்த மனிதர் இந்தப் பிறவியில் யார்?" அங்கே அடித்தவர் இங்கே மாமியார், அங்கே கொன்றவர் இங்கே கணவர் என்று ஒரு வாய்ச்சொல் விழுந்தால், அதோடு அவர் வீட்டுக்குப் போவார். சரிபார்க்க வழியில்லாத ஒன்றை நம்பி உயிரோடு இருக்கும் ஒருவரைக் குற்றவாளியாக்கும் கேள்வி அது. அவராகவே சொன்னாலும், "அப்படித் தோன்றுகிறது" என்ற அளவிலேயே வைத்துப் பேசுங்கள்.

கேள்வி: நடுவில் தேம்பி அழுது நடுங்க ஆரம்பித்தால்? (வாசகர், திருநெல்வேலி)

அழுகை மட்டும் என்றால் அழ விடுங்கள். மூச்சு திணறுவது, உடம்பு விறைப்பது, "காப்பாத்துங்க" என்று கத்துவது போன்றவை வந்தால் உடனே தூரத்தை உண்டாக்குங்கள். குரலை உயர்த்தாமல், கொஞ்சம் உறுதியாக: "இது திரையில் ஓடும் படம். நீங்கள் நாற்காலியில் இருக்கிறீர்கள். திரை தள்ளிப் போகிறது. சின்னதாகிறது. சத்தம் குறைகிறது." பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். அடங்கவில்லையென்றால் கண்ணைத் திறக்கச் சொல்லி அமர்வை அங்கேயே முடியுங்கள். "இன்னும் ஆழமாகப் போனால் தீர்ந்துவிடும்" என்று தள்ளுவது ஆபத்து. அந்த வலி இந்தப் பிறவியிலேயே பட்ட அடியாக, வேறு உடையில் வருவதாக இருக்கலாம். அதற்குப் பயிற்சி பெற்ற மனநல நிபுணர் வேண்டும்.

கேள்வி: ஒன்றிலிருந்து ஐந்து வரை எண்ணியும் ஒருவர் கண் திறக்கவில்லை. பயந்துவிட்டேன். (வாசகி, ஈரோடு)

அறிதுயிலில் யாரும் மாட்டிக்கொள்வதில்லை. ஒன்று தூங்கிவிட்டிருப்பார், அல்லது அந்தச் சுகத்தை விட மனமில்லாமல் இருப்பார். ஒரு நிமிடம் கொடுத்து மறுபடி எண்ணுங்கள், இந்த முறை மெதுவாக. ஒன்றில் கால் விரல், இரண்டில் கை, மூன்றில் ஆழ்ந்த மூச்சு, நான்கில் இந்த அறை, இன்றைய கிழமை, அவர் பெயர், ஐந்தில் கண். ஒவ்வொரு எண்ணுக்கும் உங்கள் குரல் கொஞ்சம் ஏற வேண்டும். போகும்போது இருந்த அதே தாலாட்டுக் குரலில் எண்ணினால் எப்படி எழுவார்?

எழுந்தபின் தலை பாரமாக இருக்கிறது என்றால் அவசரமாக எழுப்பியிருக்கிறீர்கள். மறுபடி கண் மூட வைத்து முழுதாக எண்ணுங்கள். தண்ணீர் கொடுங்கள், நடக்க வையுங்கள். அரை மணி நேரத்துக்கு வண்டிச் சாவியைத் தொட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

கேள்வி: "இது நிஜமாகவே என் முற்பிறவியா?" என்று கேட்டால் என்ன சொல்வது? (வாசகர், திருச்சி)

உண்மையைச் சொல்லுங்கள்: "உங்கள் மனம் கொடுத்த கதை இது. முற்பிறவி என்று இதை வைத்து நிரூபிக்க முடியாது." எப்போதோ படித்தது, பார்த்தது, பாட்டி சொன்னது எல்லாம் எங்கிருந்து வந்தன என்பது மறந்துபோய், சொந்த நினைவுபோல எழுந்து வரும். சோழர் காலத்துச் சமையற்காரியாக இருந்தேன், அம்மியில் மிளகாய் அரைத்தேன் என்று ஒருவர் கண்ணீரோடு சொல்லலாம். மிளகாய் போர்ச்சுகீசியர்களோடு வந்தது. சோழர் ஆட்சி 13-ஆம் நூற்றாண்டிலேயே முடிந்துவிட்டது. அந்தக் கண்ணீர் பொய்யில்லை, மிளகாய்தான் இந்தக் காலத்து மிளகாய். அவர் முகத்துக்கு நேரே இதைச் சுட்டிக்காட்டிச் சிறுமைப்படுத்தவும் வேண்டாம், "ஆமாம், நீங்கள்தான் அவள்" என்று முத்திரை குத்தவும் வேண்டாம். அந்த அடுக்களையில் அவர் என்ன உணர்ந்தார், இன்றைய வாழ்க்கையில் அது எங்கே இருக்கிறது என்று பேசுங்கள்.

1952-இல் அமெரிக்காவின் கொலராடோவில் ஒரு பெண் அறிதுயிலில், தான் 19-ஆம் நூற்றாண்டு அயர்லாந்தில் வாழ்ந்த பிரைடி மர்ஃபி என்று பேசினார். உலகமே பரபரத்தது. அயர்லாந்தில் தேடியபோது அவர் சொன்ன பிறப்புக்கும் இறப்புக்கும் பதிவு கிடைக்கவில்லை. இந்தியாவிலும் இலங்கையிலும் குழந்தைகள் தாமாகச் சொன்ன முற்பிறவிச் செய்திகளைப் பல்லாண்டு திரட்டிய வர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தின் இயன் ஸ்டீவன்சனும், அறிதுயிலில் வரும் பிறவிக் கதைகளை நம்பத்தக்கதாக எடுத்துக்கொள்ளவில்லை. மறுபிறவியை நம்புகிறவர்களும் இதைத் தெரிந்து வைத்திருப்பது அவசியம்.

கேள்வி: விளம்பரத்தில் "சர்க்கரை, ஆஸ்துமா குணமாகும்" என்று போடலாமா? (வாசகர், சென்னை)

கூடாது. சர்க்கரை, புற்றுநோய், வலிப்பு முதலிய நோய்களுக்கு மந்திர சிகிச்சை என்று விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மந்திர சிகிச்சைகள் சட்டம் தடுக்கிறது. அதன் பக்கம் போகிற மாதிரி ஒரு சொல்கூட வேண்டாம். "மருந்தை நிறுத்திவிடலாமா?" என்று எவர் கேட்டாலும், மருந்து கொடுத்த டாக்டரைத்தான் கேட்க வேண்டும் என்று சொல்லுங்கள். சம்மதப் படிவத்திலும் அதை ஒரு வரியாக எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். ஒலிப்பதிவு செய்வதாக இருந்தால் அதற்கும் தனிக் கையெழுத்து வாங்குங்கள்.