ஆய்வேடு இணையத்தில் இருக்கிறது, காதுக்கு எட்டவில்லை

கேள்வி: தமிழகத்தில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் வேலை பார்க்கிறேன். எங்கள் ஆய்வேட்டுக் களஞ்சியம் டிஸ்பேஸ் மென்பொருளில் ஓடுகிறது. சுமார் 4,000 ஆய்வேடுகள், பாதிக்கு மேல் தமிழில். போன மாதம் பார்வையற்ற ஆய்வு மாணவர் ஒருவர் வந்து, தனக்கு வேண்டிய மூன்று ஆய்வேடுகளில் ஒன்றைக்கூடப் படிக்க முடியவில்லை என்றார். தளத்தை ஒரு சோதனைக் கருவியில் போட்டுப் பார்த்தோம், 90க்கு மேல் மதிப்பெண் வந்தது. பிறகு குறை எங்கே? தனி நிதியும் கிடையாது. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: வணக்கம். குறை கோப்புக்குள் இருக்கிறது. அந்தக் கருவி பார்த்தது உங்கள் வலைப்பக்கத்தை மட்டும்தான், உள்ளே கிடக்கிற பிடிஎஃப்பை அது திறந்தே பார்க்காது. மாணவர் வந்தது பக்கத்தைப் படிக்க இல்லையே, ஆய்வேட்டைப் படிக்கத்தானே.

அவர் கேட்ட மூன்றையும் இப்போதே திறந்து, நடுவில் ஒரு பத்தியை மவுஸால் தேர்ந்தெடுத்து, காப்பி செய்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். தேர்ந்தெடுக்கவே முடியவில்லை என்றால் அது ஸ்கேன் செய்த படம். திரையில் உள்ளதைக் குரலில் படித்துக்காட்டும் ஸ்கிரீன் ரீடருக்கு அது வெற்றுத்தாள்தான், 300 பக்கமும் மௌனம். ஒட்டியதும் ஆங்கில எழுத்தாக வந்தால் பாமினி, வானவில் போன்ற பழைய ஃபான்ட். திரையில் ‘தமிழ்’ என்று அழகாகத் தெரியும், ஆனால் கோப்புக்குள் இருப்பது ஜே, கே, பி, ஓ, ஒரு செமிகோலன், அவ்வளவுதான். பாமினியில் அடித்த ஒரு பத்தியை என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடரில் ஓடவிட்டு ஒரு நிமிடம் கண்ணை மூடிக் கேளுங்கள். அந்த மாணவர் எதை எதிர்கொண்டார் என்று உங்களுக்கே புரிந்துவிடும். என்விடிஏ இலவசம்தான், உங்கள் கணினியிலேயே போட்டுக்கொள்ளலாம்.

மூன்றாவது வகை கொஞ்சம் ஏமாற்றும். இன்றைய பொது எழுத்துக் குறியீடான யூனிகோடில் அடித்த ஆய்வேடு, ஒட்டினால் தமிழே வரும், ஆனால் ‘கொள்கை’ என்பது ‘ெகாள்ைக’ என்று வந்து நிற்கும். யூனிகோடில் மெய் முதலில், கொம்பு பின்னால். பிடிஎஃப்போ பல சமயம் கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் எழுத்துகளை வைத்துவிடுகிறது, கொம்பு முன்னால் போய்விடும். கேட்பவருக்கு வரிக்கு நாலு சொல் உடையும், ‘கொள்கை’ என்று தேடினாலும் கிடைக்காது. இதனால்தான் நான் எல்லோரிடமும் சொல்வது, தமிழ் ஆய்வேட்டுக்கு பிடிஎஃப்போடு நிற்காதீர்கள், பக்கத்திலேயே வேர்டு கோப்போ இபப் எனும் மின்னூல் கோப்போ ஒன்று இருக்கட்டும்.

சரி, எங்கே தொடங்குவது? 4,000ஐயும் நினைத்து மலைத்துப்போய் எதுவுமே செய்யாமல் விடுகிற இடங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். முதலில் குழாயை அடைத்துவிட்டு அப்புறம் தண்ணீரை இறைக்கலாம், அதாவது இனி உள்ளே வருகிற ஆய்வேடு படிக்கக்கூடியதாக வரவேண்டும். இது செலவில்லாத வேலை. யோசித்துப் பாருங்கள், இன்று எந்த மாணவரும் ஆய்வேட்டைக் கையால் எழுதுவதில்லை. கணினியில் அடித்து, அச்செடுத்து, நெறியாளரின் கையெழுத்து வாங்கி, கையெழுத்துப் பக்கம் வேண்டும் என்பதற்காக முழு ஆய்வேட்டையும் ஸ்கேன் செய்து கொடுக்கிறார். ஒரே ஒரு சான்றிதழ்ப் பக்கத்துக்காக 300 பக்கம் படமாகிவிடுகிறது! கையெழுத்துப் பக்கங்களை மட்டும் ஸ்கேன் செய்து தனிக் கோப்பாகக் கொடுங்கள், இயல்கள் எல்லாம் வேர்டிலிருந்து நேரடியாக வரட்டும் என்று ஒரு சுற்றறிக்கை போதும். 2018இன் யுஜிசி விதிமுறைக்குப் பிறகு கருத்துத்திருட்டுச் சோதனைக்காக மென்கோப்பு எப்படியும் கொடுத்தாக வேண்டும், பல இடங்களில் அது நூலகத்துக்கே வருகிறது. உங்களிடமும் அப்படித்தான் என்றால், கையிலேயே இருக்கும் அந்தக் கோப்பைத்தான் சோதனை முடிந்ததும் மறந்துவிடுகிறோம்.

மாணவர்களுக்கு ஒரு வேர்டு மாதிரிக் கோப்பு கொடுத்துவிடுங்கள். யூனிகோடு ஃபான்ட் மட்டும். இயல் தலைப்பைப் பெரிதாக்கித் தடிமனாக்கினால் போதாது, ஹெடிங் ஸ்டைலில் வைக்கவேண்டும், அப்போதுதான் ஸ்கிரீன் ரீடரில் ஹெச் விசையைத் தட்டித் தட்டி இயலுக்கு இயல் தாவமுடியும், இல்லாவிட்டால் ஐந்தாம் இயலைத் தேடி முதல் பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டே வரவேண்டியதுதான். படத்துக்கும் வரைபடத்துக்கும் மாற்றுரை (ஸ்கிரீன் ரீடர் படத்துக்குப் பதில் படிக்கும் விளக்கம்) வேண்டும், அதுவும் ‘வரைபடம் 4.2’ என்று எழுதினால் பயனில்லை, அது எதைக் காட்டுகிறது என்று இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். அட்டவணையைப் படமாக ஒட்டக்கூடாது. பிடிஎஃப் ஆக்கும்போது ‘பிரின்ட்’ வழியாகப் போகாமல் ‘சேவ் ஆஸ்’ வழியாகப் போகவேண்டும், பிரின்ட் வழியில் போனால் இவ்வளவு பாடுபட்டு வைத்த தலைப்பு அமைப்பெல்லாம் உதிர்ந்துவிடும். நூலக பாக்கி இல்லை என்ற நோ டியூஸ் சான்றிதழ் கொடுக்கும் முன் அந்த நோட்பேடு சோதனையை ஒரு முறை செய்துபாருங்கள், ஐந்து நிமிட வேலை.

பழையவற்றுக்கு வருவோம். எல்லாவற்றையும் மாற்ற முயலாதீர்கள், யாராவது கேட்டால் மாற்றிக்கொடுங்கள். ஒவ்வோர் ஆய்வேட்டின் பக்கத்திலும் ‘இந்தக் கோப்பைப் படிக்க முடியவில்லையா? எங்களிடம் கேளுங்கள்’ என்று ஒரு இணைப்பு, கூடவே ஒரு தொலைபேசி எண், எத்தனை நாளில் தருவோம் என்ற உறுதி. அந்தப் படிவத்தில் தயவுசெய்து படத்தில் உள்ள எழுத்தைப் பார்த்து அடிக்கச் சொல்லும் கேப்ச்சா வைக்காதீர்கள்.

மாற்றும் வேலையில், ஸ்கேன் என்றால் படத்திலுள்ள எழுத்தை உரையாக்கும் டெசராக்ட் மென்பொருள் தமிழுக்கும் வேலை செய்கிறது, இலவசம், தெளிவான கணினி அச்சாக இருந்தால் நன்றாகவே வரும். தட்டச்சுப்பொறியில் அடித்த பழைய ஆய்வேடுகளில் மை பரவியிருக்கும், அங்கே ஆள் உட்கார்ந்து மெய்ப்புப் பார்த்தே ஆகவேண்டும். பழைய ஃபான்டாக இருந்து மூல வேர்டு கோப்பு கிடைத்தால் அதிர்ஷ்டம்தான், என்ஹெச்எம் கன்வெர்ட்டர் போன்ற கருவியில் போட்டு யூனிகோடாக்கலாம். ஒரு எச்சரிக்கை: மொத்தத்தையும் அப்படியே போட்டால் இடையில் உள்ள ஆங்கிலச் சொற்களும் மேற்கோள் நூற்பட்டியலும் அர்த்தமில்லாத தமிழாக மாறிவிடும். தமிழ் ஃபான்டில் உள்ள பகுதியை மட்டும் பிரித்து மாற்றுங்கள்.

தளத்திலும் இரண்டு விஷயங்களைச் சரிசெய்யவேண்டும். பழைய டிஸ்பேஸ் பதிப்புகளில் ஒவ்வோர் இயலுக்கும் பக்கத்தில் ‘வியூ/ஓபன்’ என்று ஒரு இணைப்பு இருக்கும். கண்ணால் பார்ப்பவருக்குப் பக்கத்திலேயே இயலின் பெயர் தெரியும், சிக்கலில்லை. இணைப்புகளை மட்டும் பட்டியலாகக் கேட்பவருக்கு ‘வியூ ஓபன், வியூ ஓபன், வியூ ஓபன்’ என்று 15 முறை வரும், எது மூன்றாம் இயல்? இணைப்பிலேயே இயலின் பெயர் வரும்படி உங்கள் கணினிப் பிரிவினரிடம் மாற்றச் சொல்லுங்கள். இன்னொன்று மொழிக் குறி. பக்கம் ஆங்கிலம் என்றே அறிவித்திருந்தால் தமிழ்த் தலைப்பையும் சுருக்கத்தையும் ஆங்கிலக் குரலே படிக்கப் பார்த்துத் திணறும், தமிழ்ப் பகுதிக்குத் தமிழ் என்று குறியிட்டால் குரல் தானாக மாறும். அப்புறம் மவுஸைத் தொடாமல் டேப் விசையாலேயே தேடல் முதல் பதிவிறக்கம் வரை போகமுடிகிறதா என்று பாருங்கள், கை அசைவில் சிரமம் உள்ளவர்களுக்கு அதுதான் வழி.

மாற்றிக் கொடுக்க ஆய்வாளரின் அனுமதி வேண்டுமா என்று யாராவது தயங்கினால், பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் சேர்த்த 52(1)(இசட்பி) பிரிவைக் காட்டுங்கள். மாற்றுத்திறனாளிகள் படிப்பதற்காக அணுகக்கூடிய வடிவில் பிரதி எடுப்பதற்கு அதில் இடம் உண்டு. இதைச் செய்யத்தான் வேண்டுமா என்று மேலிடம் கேட்டால், 2016இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருக்கிறது, அணுகல் தரங்களை வெறும் பரிந்துரையாக விடாமல் கட்டாயமாக்கவேண்டும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது இருக்கிறது, டிஜிட்டல் அணுகலும் அரசமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்ற 2025 ஏப்ரல் தீர்ப்பும் இருக்கிறது. பதிவாளருக்கு அனுப்பும் குறிப்பில் மூன்றையும் எழுதுங்கள்.

இதெல்லாம் கோப்பாகி நகர்ந்து வர மாதக்கணக்கில் ஆகலாம், அந்த மாணவரின் ஆய்வுக் காலம் அதுவரை நிற்காது. அவர் கேட்ட மூன்று ஆய்வேடுகளை இந்த வாரமே எடுங்கள். எந்த இயல் முதலில் வேண்டும் என்று அவரிடமே கேட்டு அதை மட்டும் மாற்றி, மெய்ப்புப் பார்த்து, வேர்டு கோப்பாக மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு, எங்கெங்கே தடுக்கியது என்று ஒரு போன் போட்டுக் கேளுங்கள். அவர் சொல்வதைக் குறித்துக்கொண்டு அடுத்த இயலைத் தொடங்குங்கள்.