பல முகம் சேர்ந்த ஒரு முகம்: நீங்க கேட்டதும் என் பதிலும்

நிறைய முகத்தை ஒண்ணு மேல ஒண்ணு வச்சு ஒரே முகமா ஆக்கற கம்பாசிட் போர்ட்ரெய்ட் பத்தி என்ன வேணா கேளுங்கன்னு சொல்லியிருந்தேன். வந்த கேள்விங்களுக்கு ஒவ்வொண்ணா எழுதறேன்.

கேள்வி: அக்கா, இதெல்லாம் போட்டோஷாப் வந்தப்புறம் வந்த வேலை தானே?

இல்லப்பா, போட்டோஷாப் வந்ததே 1990ல தான், இது அதுக்கு நூறு வருஷத்துக்கு மேல மூத்தது. இங்கிலாந்துல பிரான்சிஸ் கால்டன்னு ஒருத்தர் 1878லயே இத பத்தி எழுதிட்டாரு. ஒரு படம் முழுசா பதிய 80 செகண்ட் வெளிச்சம் வேணும்னா, எட்டு பேர் படத்தை ஒரே பிளேட்ல (அந்த காலத்து பிலிம் மாதிரி, படம் பதியற தகடு) ஆளுக்கு 10 செகண்ட் காட்டுவாரு, எட்டு பேருக்கும் பொதுவா இருக்கறது அழுத்தமா விழும், மத்ததெல்லாம் மங்கிடும். இன்னைக்கு கம்ப்யூட்டர் போடற சராசரி கணக்கும் அதே தான். ஆனா எதுக்கு பண்ணாருங்கறதையும் சேர்த்து தான் சொல்லணும். ஜெயில் கைதிங்க படத்த வாங்கி, குற்றவாளின்னா மூஞ்சி இப்படித்தான் இருக்கும்னு கண்டுபிடிக்க பார்த்தாரு, வந்த முகமோ தனித்தனி ஆளுங்கள விட லட்சணமா இருந்துச்சு, அத அவரே எழுதியும் வச்சிருக்காரு. அப்படியும் அந்த புத்தி மாறல, மனுஷங்கள நல்ல வம்சம் கெட்ட வம்சம்னு பிரிக்கற யூஜெனிக்ஸுக்கு 1883ல பேர் வச்சதும் இவர் தான். கம்பாசிட் கத்துக்கறவங்க இந்த பகுதிய தாண்டிப் போகக்கூடாதுன்னு நான் பிடிவாதமா சொல்லுவேன்.

கேள்வி: கம்ப்யூட்டர்ல முதல்ல கலையா பண்ணது யாரு?

எல்லாரும் முதல்ல சொல்ற பேரு நான்சி பர்சன், அமெரிக்கக்காரங்க. 1982ல வார்ஹெட் 1னு ஒரு படம் பண்ணாங்க, அந்த நேரத்துல அணு ஆயுதம் வச்சிருந்த நாட்டு தலைவர்கள் முகத்தையெல்லாம் யாருகிட்ட எவ்வளவு ஆயுதம் இருக்கோ அந்த அளவுக்கு கலந்தாங்க. அமெரிக்காவோட ரீகன் 55 சதவீதம், சோவியத்தோட பிரெஷ்னேவ் 45 சதவீதம், பிரிட்டனோட தாட்சர், பிரான்ஸோட மித்தரான், சீனாவோட டெங் மூணு பேரும் ஆளுக்கு ஒரு சதவீதம் கூட இல்ல. ஒரு புள்ளிவிவரத்த முகமாவே ஆக்கி நம்மள நேரா பாக்க வச்சாங்க பாருங்க, எனக்கு இந்த துறையிலயே ரொம்ப பிடிச்ச வேலை அது தான். காணாம போன குழந்தைங்க சில வருஷம் கழிச்சு எப்படி இருப்பாங்கன்னு வயசு கூட்டி காட்டற வேலைக்கும் அவங்க உண்டாக்கின முறை போச்சு, எஃப்பிஐ அத பயன்படுத்துச்சு.

கேள்வி: சராசரி முகம் ஏன் எப்பவும் அழகா தெரியுது?

1990ல லாங்லாய், ராக்மன்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க இத சோதிச்சாங்க, படம் சேர சேர ஜனங்க அழகுக்கு அதிகமா மார்க் போட்டாங்க. ஒரு காரணம் சாதாரணமானது, பரு, வடு, சுருக்கம் எல்லாம் ஆளாளுக்கு வேற இடத்துல இருக்கறதால சேர்க்கும்போது கரைஞ்சு தோல் வழுவழுன்னு ஆயிடும், ரெண்டு பக்கமும் சமமா வந்துடும். ஆனா சராசரி தான் உச்சமான அழகுன்னு நினைச்சுக்காதீங்க, 1994ல பெரட் குழு பண்ண ஆராய்ச்சியில ஜனங்களுக்கு ரொம்ப பிடிச்ச முகம் சராசரியில இருந்து விலகி தான் இருந்துச்சு.

கேள்வி: எங்க குடும்பத்துல பத்து பதினஞ்சு பேர், எல்லாரையும் சேர்த்து ஒரு முகம் பண்ணணும். எப்படி?

முதல்ல படம் எடுக்கறது தான் பாதி வேலை. எல்லாரையும் ஒரே ஜன்னல் பக்கத்துல, நேரா பார்த்து, வாய மூடி, கண்ணாடிய கழட்டிட்டு எடுங்க. பல்லு தெரிய சிரிச்சா சேர்க்கும்போது வாய் மட்டும் பனி மூட்டமா ஆயிடும். அப்புறம் போட்டோ எடிட் பண்ற சாப்ட்வேர்ல ஒவ்வொரு படத்தையும் தனி லேயரா, அதாவது ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கா போட்டு கண்ணு ரெண்டும் ஒரே இடத்துல உக்கார்ற மாதிரி சுத்தி, பெருசு சின்னது பண்ணி வைங்க. ஒப்பாசிட்டி, அதாவது அடியில இருக்கறத ஒரு லேயர் எவ்வளவு மறைக்கணுங்கற சதவீதம், அத எல்லாத்துக்கும் 50ன்னு வைக்கறாங்க, அது தப்பு, மேல இருக்கறவர் முகம் மட்டும் தூக்கலா வரும். அடியில இருக்கறதுக்கு 100, அடுத்தது 50, அடுத்தது 33, அப்புறம் 25, 20ன்னு போகணும், அதாவது கீழ இருந்து எத்தனாவது லேயரோ 100ஐ அதால வகுக்கணும், அப்ப தான் எல்லாருக்கும் சம பங்கு கிடைக்கும். ஜிம்ப்னு ஒரு போட்டோ எடிட்டிங் சாப்ட்வேர் இருக்கு, இலவசம் தான், இதுக்கு அதுவே போதும். இன்னும் துல்லியமா வேணும்னா புரோகிராம் எழுதத் தெரிஞ்சவங்க பைத்தான் மொழியில ஓப்பன்சிவி, டிலிப்ங்கற ரெடிமேட் கருவிங்கள வச்சு முகத்துல 68 புள்ளி கண்டுபிடிச்சு முக்கோணம் முக்கோணமா பிரிச்சு இழுத்து பொருத்தலாம், அப்ப மூக்கு, தாடை எல்லாம் கூர்மையா நிக்கும்.

பொட்டு, விபூதி, மூக்குத்தி எடுக்கணுமான்னு தனியா ரெண்டு பேர் கேட்டிருந்தீங்க. விட்டுடுங்க, ப்ளீஸ். பொட்டு நெத்தி நடுவுல லேசான செம்புள்ளியா தங்கும், விபூதி ஒரு வெளுப்பா படரும், நாலு பேர்ல ஒருத்தர் போட்ட மூக்குத்தி ஒரு மினுக்கு மாதிரி தெரியும், அதெல்லாம் இருந்தா தான் அது உங்க வீட்டு முகம்.

கேள்வி: ஸ்டூடியோ வச்சிருக்கேன். பொண்ணு கல்யாண போட்டோவுல இறந்து போன அப்பாவ சேர்த்து தரச் சொல்றாங்க. ஏஐல போட்டா டக்குனு வருது, ஆனா அம்மா பார்த்துட்டு இது அவர் இல்லைங்கறாங்க.

அம்மா சொல்றது தான் சரி சார். பழைய குரூப் போட்டோவுல அவர் முகம் கட்டைவிரல் நகம் அளவு தான் இருக்கும், அதுல இல்லாத விவரத்த எந்த சாப்ட்வேராலயும் கொண்டு வர முடியாது, தான் பழகின லட்சக்கணக்கான முகத்துல இருந்து பொருத்தமா தெரியறத நிரப்பும், அவ்வளவு தான். 2020ல அமெரிக்காவுல டியூக் யுனிவர்சிட்டி, மங்கலான முகத்த தெளிவாக்கற பல்ஸ்னு ஒரு ஏஐ வெளியிட்டாங்க, மங்கலா ஆக்கின ஒபாமா படத்த குடுத்தா அது ஒரு வெள்ளைக்காரர் முகத்த குடுத்துச்சு, உலகமே பார்த்துச்சு. அதனால முகத்த மட்டும் ஏஐ தொடாம வைங்க, ஒரிஜினல் பிரிண்ட்ட வாங்கி நீங்களே பெரிய ரெசல்யூஷன்ல ஸ்கேன் பண்ணுங்க, வாட்ஸ்அப்ல வந்தத வச்சு வேலை செய்யாதீங்க. மேடை லைட் இடது பக்கம்னா அப்பா முகத்துலயும் வெளிச்சம் இடது பக்கம் இருக்கற படமா பார்த்து எடுங்க, நிழலோட கருப்பு அளவு பக்கத்துல நிக்கறவரோட ஒத்துப்போகணும், கடைசியா படம் முழுக்க ஒரே கிரெய்ன் (பிலிம் போட்டோவுல தெரியற பொடிப்பொடி புள்ளி) போடுங்க. மங்கலா இருந்தாலும் அவரா இருந்தா போதும், அந்த அம்மாவுக்கு அவ்வளவு தான் வேணும்.

கேள்வி: அப்ப செல்போன்ல எடுக்கறதாவது உண்மையான ஒரே படமா?

அதுவும் கூட்டுப்படம் தான்மா. கூகுள் 2013லயே எச்டிஆர் பிளஸ்னு கொண்டு வந்தாங்க, நீங்க ஒரு தடவ அழுத்துறீங்க, போன் வரிசையா பல படம் எடுத்து சேர்த்து ஒண்ணா குடுக்குது. 2023ல கூகுளோட பிக்சல் 8 போன்ல, குரூப் போட்டோவுல கண்ண மூடினவருக்கு அடுத்தடுத்து எடுத்த படத்துல இருந்து நல்ல முகத்த எடுத்து வைக்கற வசதியே வந்துடுச்சு. வெளிச்சத்துக்காக சேர்க்கறது எனக்கு பிரச்சனையே இல்ல. எனக்கு கோவம் வர்றது பியூட்டி மோடு மேல தான், கேக்காமலே நம்ம நிறத்த வெளுக்குது, மூக்க ஒடுக்குது, பத்து வயசு பிள்ளைங்க தன் முகமே அது தான்னு நினைச்சு வளருதுங்க. செட்டிங்ஸ்ல போய் பியூட்டி மோட இன்னைக்கே அணைச்சிடுங்க.

கேள்வி: ரெண்டு பேர் முகத்த கலந்து பாஸ்போர்ட் எடுக்க முடியுமாமே?

2014லயே இத்தாலி ஆராய்ச்சியாளருங்க அந்த ஆபத்த காட்டிட்டாங்க, கலந்த முகம் மெஷினுக்கு ரெண்டு பேர் மாதிரியும் தெரியும். இத தடுக்கத் தான் ஜெர்மனியில 2025 மே மாசத்துல இருந்து பிரிண்ட் போட்ட போட்டோவ வாங்கறது இல்ல, பாதுகாப்பான டிஜிட்டல் வழியில தான் படம் போகணும்.

கேள்வி: "சராசரி தமிழ்ப் பெண் முகம்"னு ஒரு படம் சுத்துதே, நம்பலாமா?

எத்தனை பேர் படம், எங்க எடுத்தது, யார் தேர்ந்தெடுத்தாங்க, மூணும் அதுல எழுதியிருக்கா பாருங்க. நான் பார்த்தவரை இருக்காது. இணையத்துல ஈசியா கிடைக்கற நடிகை, மாடல் படத்தையே அள்ளிப் போட்டா வெளுப்பா மெலிசா தான் ஒரு முகம் வரும், நாகர்கோவில்ல மீன் விக்கறவங்களும் யாழ்ப்பாணத்து டீச்சரும் மலேசியாவுல ரப்பர் தோட்டத்துல வளர்ந்த பாட்டியும் அதுல எங்க இருக்காங்க? 1993ல டைம் பத்திரிகையும் அமெரிக்காவின் புது முகம்னு கம்ப்யூட்டர்ல கலந்த ஒரு பொண்ண அட்டையில போட்டாங்க, எந்த இனத்துக்கு எவ்வளவு பங்குன்னு முடிவு பண்ணது அவங்க தான். ஒரு கூட்டத்துக்கு ஒரே முகம்னு சொன்னா அது கால்டன் போன அதே பாதை. ஷேர் பண்ணாதீங்க, அனுப்பினவங்ககிட்ட மூணு கேள்வியையும் கேளுங்க.